பதினேழாம் கூட்டின் அரசி

நித்யா என்னிடம் கேட்டது ஒரேயோர் எண். அதைச் சொல்ல எனக்கு இருபத்துமூன்று நாள் பிடித்தது.

நான் மொன்றியல் நகரத்தில் ஒரு பூச்சிக் காட்சியகத்தில் பத்தொன்பது குளிர்காலம் எறும்புகளைப் பராமரித்தவன். ஓய்வுபெற்று இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகின்றன. இப்போது அந்த வேலையைச் செய்பவர் நித்யா. சென்னையிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட பெண். எறும்புகளைப் பற்றி என்னைவிடப் பலமடங்கு படித்தவர். ஆனாலும் என் கையெழுத்தில் உள்ள அறுபத்துநான்கு பக்க நடைமுறைக் கொப்பியைக் கணினியில் ஏற்றும் வேலை அவர் தலையில் விழுந்துவிட்டதால் என்னை அடிக்கடி அழைப்பார். அன்று அழைத்தது பதினோராவது தடவை.

“சார், எல்லாம் ஏத்திட்டேன். ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியா இருக்கு. குளிர்ல இருந்து எடுத்த ராணி அசையலைன்னா, செத்துப்போச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி எத்தனை மணி நேரம் வெயிட் பண்ணணும்? உங்க நோட்டுல பன்னெண்டுன்னு இருக்கு. ஆனா அதைப் பென்சில்ல அடிச்சிருக்கீங்க. பன்னெண்டே போட்டுடட்டுமா?”

நான் பேனையால் எழுதுகிறவன். அந்த இடத்தில் பென்சில் பாவித்தவர் ஒருவர்தான்.

“நாளைக்குச் சொல்லுறன் பிள்ளை,” என்றேன்.

அந்தப் பக்கத்தை நான் பதினான்கு வருடமாகத் திறந்ததில்லை. ஏன் திறக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஒழுங்காகச் சொல்ல வருமோ தெரியவில்லை. எண்களைத்தான் எனக்கு ஒழுங்காகச் சொல்ல வரும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் உதவியாளனாக ஆறு வருடம் இருந்தேன். இங்கே அகதியாக வந்து நான்கு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவினேன். பிறகு மூன்று வருடம் இந்தக் காட்சியகத்தில் கூட்டித் துடைக்கும் வேலை. பல்லிகளுக்குப் போடுகிற வெட்டுக்கிளிப் பெட்டிகளைச் சுத்தம் செய்யும்போது செத்துக் கிடப்பவற்றை எண்ணி, ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிப் பெட்டியில் ஒட்டிவிடுவேன். யாரும் கேட்கவில்லை. எண்ணாமல் குப்பையில் கொட்ட எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். மூன்றாவது வருடம் எறும்புப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த மதாம் ஒடெட் அந்தத் துண்டுகளில் நாற்பதைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, இது யார் எழுதியது என்று கேட்டார். ஏதோ பிழை நடந்துவிட்டது என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். அடுத்த திங்கட்கிழமை துடைப்பத்தை வாங்கிவிட்டு என் கையில் ஒரு மெல்லிய தூரிகையைத் தந்தார்.

மதாம் உயரமானவர், மெலிந்தவர். விரல்நுனி வெட்டிய கம்பளிக் கையுறை அணிந்திருப்பார். எழுதுவதெல்லாம் பென்சிலால். குளிரறைக் கதவைத் திறக்குமுன் விரலால் இரண்டு தடவை தட்டுவார். உள்ளே இருப்பவை எறும்புகள். ஏன் தட்டுகிறீர்கள் என்று ஒன்பது வருடத்தில் ஒரு தடவை கேட்டேன். தட்டினால் தன் நடை மெதுவாகிவிடுகிறது என்றார். ‘செத்துவிட்டது’ என்ற சொல்லை அவர் பாவித்து நான் கேட்டதில்லை. ‘பதில் இல்லை’ என்பார். எங்கள் பேச்சு பிரெஞ்சில். நான் நாற்பது வயதில் கற்ற பிரெஞ்சு. அவர் ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு, அது எனக்குள் இறங்கும்வரை பொறுத்திருந்து அடுத்ததைச் சொல்வார்.

குளிர்கால வேலை என்பது பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். இந்த ஊர் எறும்புகள் குளிரில் உறங்காவிட்டால் அடுத்த வருடம் முட்டையிடாது, மெலிந்து போய்விடும். எனவே ஒக்டோபரில் சீனித்தண்ணீரை நிறுத்தி, கூடுகளின் வெப்பத்தை வாரம் ஒரு படியாக இறக்குவோம். இருபத்தொரு பாகையிலிருந்து பதினைந்து, பிறகு பத்து, பிறகு ஐந்து. மார்ச் நடுப்பகுதிவரை ஐந்திலேயே இருக்கும். கூட்டுக்குள் ஈரத்துக்கு வைத்த பஞ்சு காயக் கூடாது. நனைந்து வழியவும் கூடாது. உள்ளே போனால் சிவப்பு விளக்கு மட்டும். எட்டு நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது, எங்கள் மூச்சுச் சூடே அறையை ஏற்றிவிடும். குளிரில் எறும்புகள் அரசியைச் சுற்றி ஒரு கறுப்பு உருண்டையாக ஒட்டிக் கிடக்கும். உருண்டையை எண்ண முடியாது. ஒக்டோபரில் குளிரறைக்குப் போகுமுன் அவற்றை ஒரு ஒடுங்கிய குழாய் வழியாக நடக்கவிட்டு எண்ணுவேன். குளிருக்குள் உருண்டையை விட்டு விலகிக் கிடப்பவற்றை மட்டும் எண்ணுவேன். விலகிக் கிடப்பது செத்ததாகவும் இருக்கலாம், சும்மா வழுக்கி விழுந்ததாகவும் இருக்கலாம். பார்வைக்கு வித்தியாசம் கிடையாது. இந்த வேலையில் எனக்கு ஒருபோதும் பிடிபடாத இடம் இதுதான்.

அரசி விலகிக் கிடந்தால் அதற்கென்று தனி நடைமுறை. தனியாக எடுத்து, ஈரப்பஞ்சு வைத்த கண்ணாடிக் கிண்ணத்தில் இட்டு, மூடி, இருபத்தொரு பாகையில் பன்னிரண்டு மணித்தியாலம் வைக்க வேண்டும். பிறகு தூரிகையால் உணர்கொம்பை மூன்று தடவை தொட வேண்டும். ஒரு தடவை மெல்ல ஊத வேண்டும். பதில் இல்லையென்றால் உடனே மதுசாரத்தில், அதாவது ஸ்பிரிட்டில், போட வேண்டும். பிந்தினால் உடல் கெட்டு, சேகரிப்பில் வைப்பதற்கு உதவாமல் போய்விடும். பன்னிரண்டு என்பது மதாமின் எண். நான் அதைச் சட்டம் என்று எடுத்துக்கொண்டேன்.

கூடுகளை நாங்கள் விலைக்கு வாங்குவதில்லை. வசந்தத்தில் அரசிகளைப் பிடித்து, ஒன்றிலிருந்து ஒரு கூடாக வளர்ப்போம். மே மாதத்தில் மழை பெய்து, மறுநாள் இருபத்திரண்டு பாகைக்கு மேல் ஏறி, காற்றும் நின்றுவிட்டால், பின்னேரம் கறுப்பு மர எறும்புகள் சிறகோடு கிளம்பும். மேலே இணைசேர்ந்துவிட்டு அரசிகள் தரைக்கு இறங்கும், தங்கள் சிறகைத் தாங்களே உதிர்க்கும், ஒளிய இடம் தேடி விறுவிறென்று நடக்கும். அந்த நடையில்தான் பிடிக்க வேண்டும். குழாயின் அடியில் தண்ணீர், அதன்மேல் பஞ்சு. அரசியை விட்டு வாயையும் பஞ்சால் அடைத்து இருட்டில் வைத்தால், ஒன்றும் தின்னாமல் இரண்டு மாதத்தில் தன் முதல் பிள்ளைகளை எழுப்பிவிடும். மே மாதம் முழுக்க என் சட்டைப்பையில் ஆறு குழாய் இருக்கும், தோள்பையில் நாற்பது.

பதினேழாம் கூட்டின் அரசியைப் பிடித்தது அப்படியொரு பின்னேரம். வேலை முடிந்து பார்க் எக்ஸ்டென்ஷனில் மெட்ரோ நிலையத்தால் மேலே ஏறி வீட்டுக்கு நடக்கிறேன். மரக்கறிக் கடைச் சுவரோரம் ஒன்று, தரித்து நின்ற வான் வண்டியின் அடியில் மூன்று. முழங்காலில் நின்று பிடிக்கத் தொடங்கினேன். கடைக்கார ராசன் வெளியே வந்தான்.

“என்ன அண்ணை, துலைச்சுப்போட்டியளோ?”

இல்லை என்று சொல்வதற்குள் அவன் மோதிரம் என்றே முடிவுகட்டிவிட்டான். கடைக்குள் திரும்பி, அண்ணையின்ர மோதிரம் விழுந்திட்டுதாம் என்று சொல்ல, ஐந்து பேர் வெளியே வந்து குனிந்து நடைபாதையைத் தேடத் தொடங்கினார்கள். ராசனையும் என்னையும் சேர்த்து எட்டாவது ஆள் வழியால் வந்த ஒரு சர்தார்ஜி, கைத்தொலைபேசியால் வெளிச்சம் பிடித்தார். அந்தப் பட்டப்பகலில். அவர்கள் காலில் இரண்டு அரசிகள் நசுங்கிப் போயின. நான் பதறிப்போய், எறும்பு பிடிக்கிறேன், தயவுசெய்து காலைத் தூக்காதீர்கள் என்று சொன்னேன்.

ராசன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். “எறும்போ? உதுக்கும் இந்த நாட்டில சம்பளம் குடுக்கிறாங்களோ?”

“குடுக்கிறாங்கள் தம்பி.”

“என்ர மனிசி மூண்டு டொலர் குடுத்து எறும்புக்கு மருந்து வாங்குறா. உங்களிட்டச் சொல்லியிருந்தா நீங்களே கூட்டிக்கொண்டு போயிருப்பியள் போல.”

சிரித்தபடியே எல்லாரும் நகர்ந்தார்கள். போகும்போதும் கவனமாகக் காலைப் பார்த்து வைத்துப் போனார்கள், அதை நான் மறக்கவில்லை. அன்று ஐந்து பத்திலிருந்து ஏழு நாற்பதுவரை முப்பத்தொரு அரசிகள். அவற்றில் ஒன்றுக்கு இடது உணர்கொம்பின் நுனி இல்லை. அதனால் அதை எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும்.

முப்பத்தொன்றில் முதல் குளிர்காலத்துக்குப் பிள்ளைகளோடு போனவை ஒன்பது. வெளியே வந்தவை ஆறு. இரண்டாம் குளிர்காலம் தாண்டியவை மூன்று. மூன்றாவதைத் தாண்டியது நுனியில்லாத ஒன்று மட்டும். நான்காவது ஒக்டோபரில் குளிரறைக்குப் போகும்போது அதற்கு வேலைக்கார எறும்புகள் இருநூற்றுப் பன்னிரண்டு. மதாம் அந்தக் கூட்டைக் காட்டித்தான் மேலிடத்தோடு ஒரு வருடம் வாதாடினார். வசந்தத்தில் எறும்புகளுக்கென்று ஒரு கண்ணாடி அறை, அதன் நடுவில் பதினேழாம் கூடு, அதைப் பார்க்க ஒரு நிரந்தரப் பணியாள். நான் அப்போது ஆறு மாத ஒப்பந்தத்தில் பதின்மூன்றாவது தடவை ஓடிக்கொண்டிருந்தேன். அந்த நிரந்தரப் பணியாள் யார் என்று மதாம் வாயால் சொல்லவில்லை. ஆனால் புதிய அறையின் வரைபடத்தில் குறிக்க, மேசையின் உயரத்தை என்னை நிற்கவைத்து அளந்தார்.

மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை. வார இறுதிக் கடமை எனக்கு. மதாம் கியூபெக் நகரத்தில் தங்கை வீட்டில். ஏழு இருபதுக்குக் கடைசிச் சுற்று போனபோது பதினேழாம் கூட்டில் உருண்டைக்கு ஒரு விரல் தள்ளி அரசி மல்லாந்து கிடந்தது. ஆறு காலும் உள்ளே மடிந்திருந்தது. நான் எட்டு நிமிடத்துக்கு மேல் நின்றுவிட்டேன். பதினொரு நிமிடம்.

மதாமை அழைத்தேன். என் குரல் அவருக்கு விளங்கவில்லை, இரண்டு தடவை சொன்னேன். “பன்னிரண்டு மணித்தியாலம், மிஸ்யூ கணேஷ்,” என்றார். “அதற்கு முன் ஒரு முடிவும் இல்லை.”

கிண்ணத்தில் வைத்து மூடியபோது சரியாக எட்டு. எட்டுக்கு ஊழியர் கதவைப் பூட்டுவார்கள், காலை எட்டுக்குத் திறப்பார்கள். பதிவுக் கொப்பியில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன். ஞாயிறு காலை கைத்தொலைபேசி அலாரம் அடிக்க எழும்பி, கதவு திறக்க ஏழு நிமிடம் இருக்கும்போதே வாசலில் நின்றேன். தொலைபேசியில் எட்டு என்று கண்டதும் மூடியை எடுத்தேன். தூரிகையால் மூன்று தடவை தொட்டேன். ஊதினேன். பதில் இல்லை. மூன்று தடவையும் வலது உணர்கொம்பைத் தொட்டேனா, நுனியில்லாத இடதைத் தொட்டேனா என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். வலதையும் இடதையும் மாறிமாறிக் காண்கிறேன்.

இடுக்கியால் எடுத்து மதுசாரக் குப்பியில் விட்டேன். அது அடிக்குப் போகும்போது இடது பக்க நடுக்கால் மெல்ல விரிந்தது. மடிந்திருந்த கால் விரிந்து, அப்படியே நின்றது. திரவம் புகுந்தால் மூட்டு நெகிழும், அது எனக்குத் தெரியும். உயிருள்ளதும் அப்படித்தான் காலை விரிக்கும், அதுவும் தெரியும். எட்டு இருபதுக்குக் கொப்பியில் எழுதினேன்: சனி 8.00, ஞாயிறு 8.00, பன்னிரண்டு, பதில் இல்லை.

மற்ற இருபத்தொரு கூடுகளையும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது என் தொலைபேசியில் பன்னிரண்டு ஐந்து. குசினி மணிக்கூட்டில் பதினொன்று ஐந்து. மின்கலம் ஓய்ந்துவிட்டது என்று நினைத்தேன். என் மனைவி யோகம் அடுப்படியிலிருந்து திரும்பாமலே சொன்னாள்.

“இண்டைக்கு நேரம் மாத்தினதப்பா. கதிரையில ஏறி அதை ஒருக்காத் திருப்பிவிடுங்கோ.”

இந்த நாட்டில் குளிர்காலம் முடியும் தறுவாயில் ஓர் இரவு எல்லா மணிக்கூடுகளையும் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவார்கள். முந்தியெல்லாம் சனிக்கிழமையே நான் கதிரையில் ஏறிவிடுவேன், மறந்ததேயில்லை. கைத்தொலைபேசி வந்த பிறகு அது தானாகவே மாற்றிக்கொள்கிறது. எட்டிலிருந்து எட்டுவரை பன்னிரண்டு என்று நானும் எழுதிவிட்டேன். கதிரையில் நின்றபடி விரல்விட்டு எண்ணினேன். திரும்ப எண்ணினேன். பதினொன்று.

யோகம் சோற்றுக்குக் கூப்பிட, வாறன் என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் மெட்ரோ ஏறினேன். குப்பி நான் வைத்த இடத்திலேயே இருந்தது. கால் விரிந்தபடியே இருந்தது. என்ன பார்ப்பதற்காகப் போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

திங்கட்கிழமை மதாம் வந்தார். குப்பியை வெளிச்சத்தில் பிடித்துச் சுழற்றிப் பார்த்தார். பதிவுக் கொப்பியை வாசித்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்: “பன்னிரண்டா?”

“பன்னிரண்டு,” என்றேன்.

நடைமுறை சரியாகக் கடைப்பிடிக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தால் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒப்பந்தம் பதினான்காவது தடவையும் நீண்டது. எறும்பு அறை வண்டுகளுக்குப் போனது. மேலிடத்தில் ஒருவர் கூட்டத்தில் வைத்து, உங்கள் எறும்புகளை நம்பி ஒரு வருடம் பேசியிருக்கிறோம் என்று மதாமிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். மதாம் அதைப் பற்றி என்னிடம் கதைத்ததில்லை. இரண்டு வருடம் கழித்து அவர் ஓய்வுபெற்றபோது எழுதிவைத்த கடிதத்தால்தான் எனக்கு நிரந்தரம் கிடைத்தது.

அரசியில்லாத பதினேழாம் கூடு குளிரிலிருந்து எழும்பி ஒன்றரை வருடம் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு, நூற்றறுபது, எழுபத்தொன்று, ஒன்பது. நடுவில் வேலைக்கார எறும்புகளே முட்டையிட்டன. அவற்றிலிருந்து ஆண்கள்தான் வரும், வேறொன்றும் வராது. சிறகுள்ள ஆண்கள் பதினான்கு. மே மாதம் வெளியே கொண்டுபோய்த் திறந்தேன், பதினொன்று பறந்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வந்த பன்னிரண்டு குளிர்காலத்தில் ஐந்து அரசிகள் அப்படி விலகிக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் நாற்பத்தெட்டு மணித்தியாலம் கொடுத்தேன். பதிவுக் கொப்பியில் பன்னிரண்டு என்றே எழுதினேன். ஐந்திலும் பதில் இல்லை. அந்த ஐந்தின் உடலும் சேகரிப்புக்கு உதவாமல் கெட்டுப்போனதற்கு அறை ஈரத்தைக் காரணம் காட்டினேன்.

நித்யா பென்சில் கோடு என்று சொன்னதும் நாளைக்கு என்று நான் தள்ளிப்போட்டதற்கு இதுதான் காரணம். மதாமுக்குத் தெரிந்திருக்குமோ. தெரிந்தால் ஏன் கையெழுத்துப் போட்டார்? தெரியாவிட்டால் ஏன் எண்ணை அடித்தார்? இருபத்திரண்டு நாள் இதையே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, மதாமைப் பார்க்கப் போவதென்று முடிவெடுத்தேன். யோகத்துக்கு அப்போதுதான் முதன்முதலாக முழுக்கதையையும் சொன்னேன்.

“பதினாலு வருசம் வாயைத் திறக்காமல் இருந்திட்டு, இப்ப போய் அந்த மனிசியின்ர நிம்மதியைக் கெடுக்கப் போறியளோ?”

“எனக்குத் தெரிய வேணும்.”

“என்ன தெரிய வேணும்? எறும்பு செத்ததோ, இல்லை உங்களுக்கு மன்னிப்போ?”

நான் சப்பாத்தைப் போட்டேன். அவள் ஒரு டப்பாவில் பயற்றம் பணியாரம் எட்டு வைத்துத் தந்தாள்.

மதாம் இப்போது கர்க்லாண்டில் மகள் வீட்டில் இருக்கிறார். எழுபத்தொன்பது வயது. இரண்டு பேருந்து, நாற்பத்திரண்டு தரிப்பு. மகள் கதவைத் திறந்து, அம்மாவுக்கு வலது காது கேட்காது, இடப்பக்கம் இருந்து கதையுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மதாம் பணியாரத்தில் ஒன்றைக் கையிலெடுத்து மணந்து பார்த்தார். நான் சுற்றிவளைக்காமல், நேரம் மாறியதை, பதினொன்றை, கால் விரிந்ததை, நான் சொன்ன பொய்யை, எல்லாவற்றையும் சொன்னேன். என் பிரெஞ்சு இரண்டு இடத்தில் உடைந்தது. அவர் வழக்கம்போலப் பொறுத்திருந்தார்.

“தெரியும்,” என்றார். “தங்கை வீட்டில் சனிக்கிழமையே எல்லா மணிக்கூடுகளையும் மாற்றியது நான்தான். திங்கட்கிழமை உங்கள் கணக்கைப் பார்த்ததும் தெரிந்தது.”

“பிறகு ஏன் என்னைக் கேட்டீர்கள்?”

“நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்களா என்று பார்க்க. முகத்தில் தெரிந்தது.”

“நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.”

“சொல்லியிருந்தால் நீங்கள் வேலையை விட்டுவிட்டுப் போயிருப்பீர்கள். குளிரறையில் இன்னும் இருபத்தொரு கூடு இருந்தது. அவற்றை யார் எண்ணுவது?”

நான் கோபப்பட வேண்டுமா, நன்றி சொல்ல வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் பணியாரத்தை ஒரு கடி கடித்தார். பிறகு அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது தெரியுமா என்று கேட்டார். ஏதாவது ஆய்வில் இருந்து என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லையாம். எட்டுக்குப் பூட்டுவார்கள், எட்டுக்குத் திறப்பார்கள். இடையில் ஒருவரும் உள்ளே போக முடியாது. ஆகவே பன்னிரண்டு. கதவு பத்து மணிக்குத் திறந்திருந்தால் பதினான்கு என்று எழுதியிருப்பாராம்.

பத்தொன்பது குளிர்காலம். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். பக்கத்து வீட்டில் ஒருவர் புல்லு வெட்டிக்கொண்டிருந்தார்.

“அந்தக் கால் விரிந்ததென்றீர்களே,” என்றார் மதாம். “எனக்கும் அப்படி நான்கு உண்டு.”

“நான்கு?”

“நான்கு அரசி. நீங்கள் வருவதற்கு முன்பு. குப்பிக்குள் போன பிறகு கால் விரித்தவை. நான்குக்கும் முழுப் பன்னிரண்டு கொடுத்தேன். ஒரு நிமிடமும் குறையாமல்.”

“அப்படியென்றால் அவை உயிரோடு இருந்தனவா?”

“எனக்குத் தெரியாது, மிஸ்யூ கணேஷ். அன்றும் தெரியாது. உங்களுடையதைக் கண்டதும் அந்த எண்ணை அடித்துவிட்டேன். அதற்குமேல் எழுத என்னிடம் வேறு எண் இருக்கவில்லை.”

திரும்பி வரும் வழியில் தரிப்புகளை எண்ண மறந்துவிட்டேன். என் ஒரு மணித்தியாலம்தான் அந்த அரசியைக் கொன்றது என்று பதினான்கு வருடம் நினைத்திருந்தேன். பன்னிரண்டு முழுதாகக் கொடுத்தும் கால் விரியும் என்றால் அந்த ஒரு மணித்தியாலத்துக்குப் பாரம் இல்லை. இல்லை, அது கொஞ்சம் அதிகப் பாரம், பன்னிரண்டே போதாத இடத்தில் நான் அதிலும் ஒன்று குறைத்திருக்கிறேன். முதல் பேருந்தை விட்டு இறங்கும்வரை முதலாவது சரி என்று பட்டது. வீட்டுப் படி ஏறும்போது இரண்டாவது சரி என்று பட்டது. என்ன சொன்னவா என்று யோகம் கேட்டாள். பணியாரம் நல்லாயிருக்காம் என்றேன். அது பொய்யில்லை.

மறுநாள் காலை நித்யாவை அழைத்தேன்.

“நாப்பத்தெட்டு எண்டு போடுங்கோ பிள்ளை.”

“நாற்பத்தெட்டா? பாடி கெட்டுடுமே சார்?”

“கெட்டுப்போகட்டும்.”

விசைப்பலகை சத்தம் கேட்டது. எண்ணை மாற்றினால் பக்கத்தில் காரணம் என்று ஒரு கட்டம் தானாகத் திறக்கிறதாம், அதைக் காலியாக விட்டால் சேமிக்காதாம். ஏதாவது ஆய்வு மேற்கோள் இருந்தால் சொல்லுங்கள், போட்டுவிடுகிறேன் என்றார். நான் வசனத்தை முதலே யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்ததைத்தான் சொன்னேன். அவர் ஆங்கிலத்தில் தட்டி, எனக்காகத் தமிழில் திருப்பி வாசித்தார்.

“‘நாலு தடவை பன்னிரண்டு மணி நேரம் போதலையோன்னு சந்தேகம். ஒரு தடவை பதினொண்ணு தான் கொடுக்கப்பட்டது, பன்னிரண்டுன்னு பதிவாச்சு. அஞ்சு தடவை நாற்பத்தெட்டு கொடுத்து, அதுவும் பன்னிரண்டுன்னு பதிவாச்சு.’ இப்படியே போடட்டுமா சார்?”

“ஓம்.”

“பதிவு பண்ணவர் பேரு கேக்குது.”

நாலு மதாம் ஒடெட்டுடையது, அதை அவரிடம் கேட்டுப் போடுங்கள், தொலைபேசி எண் தருகிறேன் என்றேன். மற்ற ஆறுக்கும் என் முழுப்பெயரைச் சொன்னேன். நீளமான பெயர். எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது, அவர் நடுவில் ஒரு தடவை அழித்துவிட்டு முதலிலிருந்து தட்டினார்.